பக்கத்துக்கு எவ்வளவு?

கார்த்திகை பிறந்துவிட்டால் சென்னையில் ஒரு கூட்டத்துக்குத் தூக்கம் போய்விடும். பொங்கலை ஒட்டி நடக்கும் புத்தகக் காட்சிக்குள் தன் நூல் வந்துவிட வேண்டும் என்று துடிக்கும் எழுத்தாளர்கள், அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்ட பதிப்பாளர்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் இன்டிசைனைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும் லே-அவுட் கலைஞர்கள். 1977இல் தொடங்கிய அந்தக் காட்சி தமிழ்ப் பதிப்புத் தொழிலின் காலண்டரையே தன் பக்கம் வளைத்துவிட்டது. வருடம் முழுக்க எழுதினாலும் அச்சுக்குப் போவது மார்கழியில்தான். இந்த வரிசையின் கடைசியில் நின்று எல்லோருடைய தாமதத்தையும் தன் தலையில் வாங்கிக்கொள்கிறவர் ஒருவர் உண்டு. புரூஃப் பார்ப்பவர்.

அவருக்கு வரும் தொலைபேசி அழைப்பு ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். "சார், சும்மா ஒரு தடவ பாத்துக் குடுத்துருங்க. பெருசா தப்பு எதுவும் இருக்காது. பக்கத்துக்கு எவ்வளவு?"

செய்ய வேண்டிய வேலை எது என்பதை முதல் வாக்கியம் சொல்லவில்லை. பிரதியின் நிலைமையை இரண்டாவது மறைக்கிறது, பெரும்பாலும் பேசுகிறவருக்கே தெரியாமல். இந்த இரண்டும் தெளிவாகாதபோதே மூன்றாவது விலை கேட்கிறது. எழுதியவருக்கும் திருத்தியவருக்கும் நடுவில் பின்னால் வெடிக்கிற சண்டைகளில் முக்கால்வாசி இந்த அழைப்பிலேயே தொடங்கிவிடுகின்றன என்பது என் கணிப்பு.

ஈய எழுத்துக் காலத்தில் இதற்கென்று வெளியில் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பத்திரிகை அலுவலகங்களிலும் பெரிய அச்சகங்களிலும் புரூஃப் செக்‌ஷன் இருந்தது. ஒருவர் மூலப் பிரதியை உரக்க வாசிப்பார். இன்னொருவர் பேனாவோடு புரூஃப் தாளைப் பின்தொடர்வார். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர், செய்தியாளர், கேலிச்சித்திரக்காரர் ஆகியோரோடு புரூஃப் ரீடரையும் பத்திரிகையாளர் என்றே வரையறுத்தது. எழுதியவரே தட்டச்சு செய்து அனுப்புகிற காலம் வந்ததும் அந்த மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வேலை மட்டும் அப்படியே இருந்தது. சம்பளப் பட்டியலைவிட்டு இறங்கி, யார் யார் வீட்டுக் கணினிகளுக்கோ இடம் மாறிக்கொண்டது. பணி ஓய்வு பெற்ற உதவி ஆசிரியர்கள், தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள், முனைவர் பட்டத்துக்கு நடுவில் செலவுக்குப் பணம் தேடும் ஆய்வாளர்கள், மொழிபெயர்ப்பு இல்லாத மாதத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் என்று இன்று கலவையான ஒரு கூட்டம் இதைச் செய்கிறது.

மூன்று வேலை, ஒரே கூலி

புரூஃப் பார்ப்பது என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது மெய்ப்பு. எழுத்துப்பிழை, விடுபட்ட ஒற்று, இரட்டித்த சொல், தவறான பக்க எண், மூடாத மேற்கோள் குறி. எழுதியவர் சொன்னது சொன்னபடி அச்சில் வந்திருக்கிறதா என்பது மட்டுமே இங்கே கேள்வி. இரண்டாவது செம்மையாக்கம், அதாவது லேசான எடிட்டிங். வாக்கியம் எழுவாயைத் தொலைத்துவிட்டு அலைகிறதா, ஒரே பத்தியில் ஒரே சொல் ஐந்து முறை வருகிறதா, 12ஆம் பக்கத்தில் அண்ணாமலையாக இருந்த மாமா 90ஆம் பக்கத்தில் அருணாசலம் ஆகிவிட்டாரா என்பதெல்லாம் இதில் வரும். சித்திரையில் பேசி முடித்த கல்யாணம் 'இரண்டே மாதத்தில்' தை மாதம் நடந்தால் அதைப் பிடிப்பதும் இந்த வேலைதான். மூன்றாவது முழு எடிட்டிங்: இந்த அத்தியாயம் தேவையா, கதை 40ஆம் பக்கத்திலிருந்து தொடங்கினால் என்ன என்று கேட்கிற வேலை.

மூன்றாவதைத் தமிழில் தொடர்ந்து செய்த பதிப்பாளர்கள் மிகக் குறைவு. 1974இல் க்ரியாவைத் தொடங்கி, 2020இல் மறையும்வரை அதை நடத்திய எஸ். ராமகிருஷ்ணன் அப்படி ஒருவர். பிரதியை எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கும் பழக்கத்துக்குத் தமிழில் அவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மற்ற இடங்களில் எடிட்டர் என்ற நாற்காலியே கிடையாது. அதனால் என்ன ஆகிறது? பக்கத்துக்கு இவ்வளவு என்று மெய்ப்புக்குப் பேசிய கூலிக்குள் இரண்டாவது வேலையும் மூன்றாவதில் கொஞ்சமும் தானாக வந்து விழுகின்றன. திருத்துபவர் மனசாட்சிக்காரராக இருந்தால் செய்துவிட்டு நொந்துகொள்வார். கறாரானவராக இருந்தால் ஒற்றை மட்டும் போட்டுக் கொடுப்பார். புத்தகம் வந்ததும், "மாமா பேரு மாறினதக்கூடவா பாக்கல?" என்று எழுதியவர் கொதிப்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு.

ஆகவே ஆள் தேடுவதற்கு முன்னால் எழுதியவர் தனக்குத்தானே ஒரு முடிவு எடுத்துக்கொள்ள வேண்டும். என் பிரதியில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? இதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். 'ஒற்று, எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி திருத்துங்கள். வாக்கியம் புரியவில்லை என்றால் மாற்ற வேண்டாம், குறித்துக் கேளுங்கள். உரையாடல்களில் கை வைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தால் அது ஏற்கெனவே நல்ல ஒப்பந்தம்.

யாரைக் கேட்பது?

நல்ல திருத்துநரின் பெயர் விளம்பரத்தில் கிடைப்பது அபூர்வம். சுத்தமாக அச்சான புத்தகம் ஒன்றை எடுத்து முன்னுரையின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். 'மெய்ப்புப் பார்த்து உதவிய' என்று தொடங்கும் வரியில் ஒரு பெயர் இருக்கும். அதைவிட நம்பகமான இன்னொரு வழி உண்டு, பலருக்கு இது தோன்றுவதில்லை: லே-அவுட் செய்பவரைக் கேட்பது. திருத்துநர் குறித்த ஒவ்வொரு கரெக்‌ஷனையும் கணினியில் போடுகிறவர் அவர். யாருடைய தாள் தெளிவாக வரும், யார் முதல் சுற்றில் விட்டதையெல்லாம் மூன்றாம் சுற்றில் கொண்டுவந்து கொட்டுவார், யார் சரியாக இருந்ததைத் தப்பாக்குவார் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்குப் பதிப்பாளருக்குக்கூடத் தெரியாது.

"நம்ம தமிழ் வாத்தியார் இருக்காரே" என்று போகிறவர்களும் உண்டு. புலமை உள்ளவர் கட்டுரை நூலுக்கு நிச்சயம் உதவுவார். நாவலைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது யோசிக்க வேண்டும். சந்தைக்குப் போன கிழவி இலக்கணச் சுத்தமாகப் பேரம் பேசிக்கொண்டு திரும்பி வந்தால் யார் என்ன செய்ய முடியும்? கி. ராஜநாராயணன் வட்டார வழக்குக்குத் தனி அகராதியே தொகுத்துவிட்டுப் போன மொழி இது. இருந்தும் பேச்சு வழக்கைப் பிழை என்று எண்ணும் பேனாக்கள் இன்னும் ஓயவில்லை.

எல்லை தாண்டும் பிரதிகளுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒருவர் எழுதி, சென்னையில் அச்சாகும் நூல்கள் ஏராளம். அவர் 'ரொறொன்ரோ' என்று எழுதுவார், 'ரீ குடிச்சனான்' என்பார், 'றோட்டு' என்று எழுதுவார், நாற்காலியைக் கதிரை என்பார். ஈழத்து எழுத்து மரபில் இவை முறையான எழுத்துகள். பழக்கமில்லாத சென்னைத் திருத்துநர் டொரான்டோ, டீ, ரோடு என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால், புத்தகம் பாதிவரை ஒரு நாட்டிலும் மீதி வேறொரு நாட்டிலும் நடக்கும். இப்படிப்பட்ட பிரதிக்கு ஈழத்து இலக்கியம் வாசித்துப் பழகியவர்தான் வேண்டும். வேறு தகுதிகள் எல்லாம் அப்புறம்.

ஆள் கிடைத்த பிறகு ஐந்து பக்கம் கொடுத்துப் பார்க்கலாம். முதல் அத்தியாயத்தைக் கொடுக்காதீர்கள்; அதை நீங்களே இருபது முறை திருத்தி வழவழப்பாக்கியிருப்பீர்கள். நடுவிலிருந்து, அலுப்பில் எழுதிய ஒரு பகுதியைக் கொடுங்கள். சிலர் வேண்டுமென்றே பத்துப் பிழைகளை நட்டு வைத்துக் கொடுத்து எத்தனை பிடிபட்டது என்று எண்ணுகிறார்கள். எனக்கு அது அற்பத்தனமாகப் படுகிறது. தவிர, அது அளக்கும் விஷயமும் தவறு. திரும்பி வரும் தாளில் சிவப்பு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, எதை அவர் தொடாமல் விட்டார் என்று பாருங்கள். உங்களுக்கே உரிய ஒரு வாக்கிய அமைப்பு, கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வேண்டுமென்றே எழுதியது, பிழைத்திருக்கிறதா? ஓரத்தில் கேள்விகள் இருக்கின்றனவா? 'இங்கே யார் சொன்னது?', 'ஆண்டு 1956ஆ, 1965ஆ? முன்னால் வேறு மாதிரி வருகிறது' என்று கேட்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாவற்றையும் தானே தீர்த்துவைத்துவிடுகிற ஆள் வேகமானவர், கூடவே ஆபத்தானவர்.

அந்த ஐந்து பக்கத்துக்கும் காசு கொடுங்கள். எழுத்துத் தொழிலில்தான் 'சாம்பிள்' என்ற பெயரில் இலவச வேலை வாங்குவது கௌரவமாக நடக்கிறது.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

தமிழில் புரூஃப் பார்ப்பதன் பெரும் தலைவலி, எது பிழை என்பதிலேயே ஊர் இரண்டுபட்டுக் கிடப்பது. வாழ்த்துகள், வாழ்த்துக்கள். நாள்கள், நாட்கள். கோயில், கோவில். 'வந்துவிட்டான்' என்று சேர்ப்பவர்கள் ஒரு கட்சி, 'வந்து விட்டான்' என்று பிரிப்பவர்கள் இன்னொரு கட்சி. பத்தாம் வகுப்பை 10ஆம், 10-ஆம், 10ம் என்று மூன்று விதமாக எழுதும் பிரதி ஒன்றே போதும், திருத்துநரின் ஒரு மாலைப்பொழுதைத் தின்பதற்கு. 'சுவற்றில்' என்பது சுவரில் என்று இருக்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. ஆனால் ஜனவரியா சனவரியா, ஹிந்தியா இந்தியா, ஃபேஸ்புக்கா முகநூலா என்பவற்றுக்கு இலக்கணம் தீர்ப்புச் சொல்லாது. ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

அந்த ஒருவர் நூலாசிரியர். முடிவுகளை ஒரு தாளில் எழுதிவைத்துக் கொடுத்தால் பாதிச் சச்சரவு அடங்கும். ஒன்றும் தெரியவில்லை என்றால் மொழி அறக்கட்டளை கொண்டுவந்த 'தமிழ் நடைக் கையேடு' இருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்து, 2008இலும் 2020இலும் விரிந்த பதிப்புகளாக வந்திருக்கிறது. 'சந்தேகம் வந்தால் இதன்படி' என்று ஒரு வரி எழுதினாலே திருத்துநருக்கு நிம்மதி.

ஒற்று விஷயத்தில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். பத்திரிகைகள் வேகத்தில் விட்டுவிட்டதைப் பார்த்து, அது அலங்காரம்தானே என்று நினைக்கும் ஒரு தலைமுறை வந்துவிட்டது. தலைவர் தொண்டனுக்கு 'வேலை கொடுத்தார்' என்றால் அவனுக்குச் சம்பளம் வரும். 'வேலைக் கொடுத்தார்' என்று ஒரு புள்ளி எழுத்தைச் சேர்த்துவிட்டால் அவன் கையில் முருகனின் ஆயுதம் இருக்கும்.

எந்திரம் எங்கே வழுக்கும்

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, இதற்கெல்லாம் மென்பொருள் இல்லையா என்பது. இருக்கிறது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழையைக் காட்டும். அவருடைய நாவி சந்திப்பிழைக்கு. பேராசிரியர் ந. தெய்வசுந்தரத்தின் மென்தமிழ் சொல்லாளரும் இந்த வேலைக்கு உதவும். திருத்துநரிடம் கொடுப்பதற்கு முன் பிரதியை இவற்றில் ஒரு முறை ஓட்டிவிடுவது நல்ல பழக்கம். அவருடைய கண் அற்பப் பிழைகளில் களைத்துப்போகாமல் மிச்சமாகும்.

ஆனால் 'அவர் பனி ஓய்வு பெற்றார்' என்ற வாக்கியத்தை எழுத்துப்பிழை பார்க்கும் எந்திரம் பெரும்பாலும் பேசாமல் அனுப்பிவைக்கும். பனியும் தமிழ்ச் சொல்தானே. விலையும் விளையும், கரியும் கறியும், அலகும் அழகும் இப்படித்தான் தப்பித்துப் போகின்றன. இதற்கு உலகப் புகழ் பெற்ற சாட்சி ஒன்று உண்டு. 2010இல் பெங்குவின் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை ஒரு பாஸ்தா சமையல் புத்தகம் வெளியிட்டது. ஒரு குறிப்பில் உப்பும் புதிதாகப் பொடித்த கருமிளகும் சேர்க்கச் சொல்ல வேண்டிய இடத்தில், மிளகு என்பதற்குப் பதிலாக மக்கள் என்று அச்சாகிவிட்டது. படித்தால், கறுப்பின மக்களைப் பொடித்துப் போடச் சொல்கிறது சமையல் குறிப்பு. இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கணினி எதையும் சொல்லவில்லை. மனிதக் கண்ணும் தாண்டிப்போயிற்று. கிடங்கில் இருந்த 7,000 பிரதிகளைக் கூழாக்கினார்கள். செலவு 20,000 ஆஸ்திரேலிய டாலர்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் குணம் வேறு. 'பிழை திருத்து' என்று ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தால் திருத்தித்தான் தரும். கேட்காமலே நாலு வாக்கியத்தை மாற்றியும் எழுதிவிடும். எதையெல்லாம் மாற்றியது என்று பல நேரம் தானாகச் சொல்லாது. சரளமாக இருப்பதால் நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். உங்கள் ஊர்ச் சொல் ஒன்று பொதுத் தமிழாகி இருக்கும், ஒரு நையாண்டி நேர்வாக்கியமாகி இருக்கும். சந்தேகமான இடங்களைப் பட்டியலிட்டுத் தரச் சொல்லிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

தமிழ்த் தட்டச்சுக்கே உரிய சில பிழைகள் கணினியால் வந்தவை, கணினியாலேயே தீர்க்கக்கூடியவை. கௌரி என்பதைப் பலர் கொம்பு, க, பிறகு ள என்ற எழுத்தைத் தட்டிக் 'கெளரி' ஆக்கிவிடுகிறார்கள். ஔவையை 'ஒளவை' ஆக்குவதும் இதே வழியில். திரையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கிண்டிலில் போட்ட பிறகு கௌரி என்று தேடினால் கிடைக்க மாட்டாள், வாசித்துக்காட்டும் செயலி அவளைக் கெளரி என்றே கூப்பிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பிரதிகளில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கும்போது பழைய ணை, லை, றா எல்லாம் வேறு உருவம் எடுத்து வரும். இத்தகைய பிரதி என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'பெருசா தப்பு இருக்காது' என்று சொல்லிவிட்டு, மாற்றி எடுத்த பழைய கோப்பைக் கொடுப்பது ஏமாற்று.

அச்சுக்கு முந்தைய ராத்திரி

வேர்டு கோப்பில் திருத்தி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. லே-அவுட்டுக்குள் போனதும் புதுப் பிழைகள் பிறக்கும். ஒரு பத்தி ஒட்டும்போது கடைசி வரி காணாமல் போகும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் வரி ஓரத்தில் உடைந்து, 'து' ஒன்று மட்டும் தனியாக அடுத்த வரியில் போய் நிற்கும். சில நேரம் புள்ளி எழுத்தோடு வரி தொடங்கும். அடிக்குறிப்பு வேறு பக்கத்துக்கு ஓடிவிடும். பொருளடக்கத்தில் இருக்கும் பக்க எண்ணும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாது. ஆகவே இரண்டாம் மெய்ப்பு பி.டி.எஃப்.பில், பக்கம் கட்டிய பிறகு. முதல் சுற்றுக் கரெக்‌ஷன் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒரு வரியைத் திருத்தும்போது அதை அடுத்த வரியில் சேதாரம் நடப்பது சகஜம்.

இன்னொரு விசித்திரம்: எழுத்து பெரிதாக ஆக ஆகப் பிழை கண்ணில் படாது. ராப்பர், முதுகு, அத்தியாயத் தலைப்பு, பின்னட்டைக் குறிப்பு, ஐ.எஸ்.பி.என். எண். பெரும்பாலும் ராப்பர் வேறு ஒருவரிடம் தயாராவதால் திருத்துநர் கைக்கு வருவதே இல்லை. உள்ளே 240 பக்கமும் சுத்தம், அட்டையில் ஒற்று இல்லை. ராப்பரும் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கோப்புக்கு ஒரே ஒரு சாவிதான் இருக்க வேண்டும். திருத்துநரிடம் கொடுத்த பிறகு எழுத்தாளர் தன்னிடம் இருக்கும் நகலில் தானும் திருத்திக்கொண்டே இருப்பார். பைனல், பைனல்2, லேட்டஸ்ட் பைனல் என்று மூன்று கோப்புகள் உருவாகும். பெரிய நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. ஜோனதன் ஃப்ரான்சனின் 'ஃப்ரீடம்' நாவலின் பிரிட்டிஷ் பதிப்பு 2010இல் வந்தபோது இறுதி வடிவத்துக்குப் பதில் முந்தைய வரைவு அச்சாகிவிட்டது. பிரதிகளை மாற்றிக் கொடுப்பதாகப் பதிப்பாளர் அறிவிக்க நேர்ந்தது. திருத்துநர் பார்த்ததெல்லாம் சரியாகவே இருந்திருக்கும். அச்சகத்துக்குப் போனது வேறு கோப்பு.

கூலிக் கணக்கு

இனி பணம். பிரிட்டனில் 1988இல் சங்கமாகத் தொடங்கி 2020இல் அரச சாசனம் பெற்ற எடிட்டர், மெய்ப்புத்திருத்துநர் அமைப்பு ஒன்று இருக்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் இவ்வளவு இருக்கலாம் என்று அது பரிந்துரைக்கிறது, பயிற்சியும் தருகிறது. அமெரிக்காவில் 1970 முதல் இயங்கும் ஃப்ரீலான்ஸ் எடிட்டர்கள் சங்கமும் கட்டண அட்டவணை வெளியிடுகிறது. தமிழில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பட்டியல் என்று ஒன்றும் இல்லை. பக்கக் கணக்கு, 16 பக்க ஃபாரக் கணக்கு, சொல் கணக்கு, 'பாத்துப் போட்டுக் குடுங்க' கணக்கு எல்லாம் உண்டு.

பக்கக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏ-4 தாளில் சின்ன எழுத்தில் நெருக்கியடித்த ஒரு பக்கமும் டெமி அளவில் அச்சாகும் ஒரு பக்கமும் ஒன்றல்ல; முன்னதில் பின்னதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சொற்கள் இருக்கும். எனவே சொல் எண்ணிக்கையில் பேசுவதே இருவருக்கும் நியாயம்.

எவ்வளவு கொடுக்கலாம் என்று தெரியாதவர்கள் இப்படிப் போட்டுப் பாருங்கள். டெமி அளவில் 200 பக்க நூல் என்றால் தோராயமாக 40,000 சொற்கள். கவனமாகப் படிப்பவர் மணிக்குப் பத்துப் பக்கம் பார்த்தால் முதல் மெய்ப்புக்கு 20 மணி நேரம். பக்கம் கட்டிய பின் இரண்டாம் மெய்ப்புக்கு அதில் முக்கால் பங்கு. சந்தேகங்களைத் தீர்க்க, பேச, அகராதி புரட்ட இன்னும் சில மணி. ஆக ஒரு மனிதரின் முழு வேலை வாரம் ஒன்று போய்விடுகிறது. லேசான எடிட்டிங்கும் சேர்ந்தால் வேகம் பாதியாகக் குறையும், இரண்டு வாரம் ஆகும். உங்கள் வீட்டுக்கு ஒரு வாரம் வந்து வயரிங் வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியனுக்கு என்ன கொடுப்பீர்களோ அந்தத் தொகையை 200ஆல் வகுத்துப் பாருங்கள். பேரம் பேசும் நாக்கு கொஞ்சம் கூசும். இதே கணக்கு, 'நாளைக்குக் காலையில தர்றேன்' என்று 200 பக்கத்தை வாங்கிப் போகிறவர் அதை என்ன லட்சணத்தில் பார்ப்பார் என்பதையும் சொல்லிவிடுகிறது.

பாதி முன்பணம், மீதி இரண்டாம் மெய்ப்பு கொடுத்த அன்று. 'புக் வித்ததும் தர்றேன்' என்பது கூலி பேசும் முறையே கிடையாது. திருத்துநர் உங்கள் பங்குதாரர் இல்லையே. எத்தனை சுற்று, எந்தத் தேதி, புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தால் என்ன கணக்கு, பிரதியை வெளியே யாருக்கும் காட்டக் கூடாது என்ற உறுதி. இத்தனையும் ஒரு மின்னஞ்சலில் அடங்கும். வாட்ஸ்ஆப் குரல்பதிவில் பேசிக்கொண்டது தகராறு வரும்போது இருவருக்குமே உதவாது.

ஆய்வேட்டுக்குத் திருத்துநர் தேடும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒற்றும் மேற்கோள் குறியும் வரிசை எண்ணும் சரிசெய்து கொடுக்கச் சொல்லலாம், நெறியாளருக்கும் தெரிவித்துவிடுங்கள். வாதத்தையே எழுதிக் கொடுக்கும் 'பேக்கேஜ்' வேறு தொழில். அதைச் செய்ய ஒத்துக்கொள்கிறவர் நல்ல மெய்ப்புத்திருத்துநராக இருக்கவும் வாய்ப்புக் குறைவு.

பெயர் போடுவது பற்றியும் பேசிவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கத்தில் இன்னார் 'பரிசோதித்து' அச்சிட்டது என்று கண்ணுக்குத் தெரியும்படி போட்டிருப்பார்கள். ஆறுமுக நாவலர் பரிசோதித்தது என்றால் அதற்காகவே புத்தகத்தை நம்பி வாங்கினார்கள். நாவலர் பதிப்பு என்பது பிழையின்மைக்கு மறுபெயராகவே ஆகிப்போனது. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, சென்னைக்கு அலைந்து அலைந்து புரூஃப் பார்த்துத்தான் 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தார். இன்று ராப்பர் வரைந்தவர், லே-அவுட் செய்தவர், அச்சகம் எல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். திருத்தியவர் பெயர் பல நூல்களில் இருக்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு. தான் சொன்ன திருத்தங்களில் பாதியை ஆசிரியர் ஏற்காதபோது தன் பெயர் வேண்டாம் என்று சொல்லும் திருத்துநர்கள் இருக்கிறார்கள், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. ஆகையால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடைசிச் சொல் எழுதியவருடையது. அடித்த சொல்லின் கீழ் புள்ளிகள் வைத்து ஓரத்தில் 'ஸ்டெட்' என்று எழுதினால், இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். வேர்டில் என்றால் 'ரிஜெக்ட்' பொத்தான். மறுப்பதில் தவறே இல்லை. ஆனால் 'அக்செப்ட் ஆல்' என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரே அழுத்தாக அழுத்துவதும் 'நான் எழுதினது எழுதினதுதான்' என்று எல்லாவற்றையும் தள்ளுவதும் கொடுத்த காசை வீணாக்கும் இரண்டு வழிகள்.

இத்தனைக்குப் பிறகும் புத்தகம் வந்த மூன்றாம் நாள் யாராவது ஒரு வாசகர் கூப்பிட்டு, 57ஆம் பக்கத்தில் ஒரு பிழை என்பார். பழைய புத்தகங்களில் இதற்கென்றே கடைசியில் 'பிழை', 'திருத்தம்' என்று இரண்டு பத்தியாக ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். இப்போது நூறு, ஐம்பது என்று தேவைக்கு அச்சடிக்கிறார்கள், ஆகவே அடுத்த அச்சிலேயே திருத்திவிடலாம். பிழைகளை ஒரு கோப்பில் பக்க எண்ணோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள். மறு அச்சுக்கு முன்னால் அந்தப் பக்கங்களையும் அவற்றுக்கு அடுத்துள்ள பக்கங்களையும் மட்டும் அதே திருத்துநரிடம் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் சொல் கணக்கில் கூலி உண்டு.